சுத்தமான திரை

கடிகாரத்தில் பத்து நாற்பத்தேழு என்றால் நிஜத்தில் பத்து நாற்பது. இந்த ஸ்கேன் சென்டர்காரர்கள் எதற்குத்தான் சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிஷம் கூட்டி வைத்திருக்கிறார்களோ, அப்படியாவது டாக்டர் நேரத்துக்கு வந்துவிடுவார் என்ற நப்பாசையோ என்னவோ. பத்து நாற்பது என்றால், மாப்பிள்ளை ரோவின் வேலை பார்க்கும் எண்ணெய்க் கப்பல், சண்டை நடக்கிற வளைகுடாவுக்கு வாசலான நீரிணைக்குள் நுழைந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது. "நாளைக்கு நம்ம ஊர் டைம் பத்தரைக்கு உள்ள போறோம், ஒரு மணிக்குள்ள தாண்டிருவோம், நடுவுல நெட்ட கட் பண்ணிருவாங்க, ஒண்ணும் பயப்படாதீங்க" என்று நேற்றுச் சாயங்காலம் குரல் செய்தி அனுப்பியிருந்தான். பயப்படாதீங்க என்பதை யாருக்குச் சொன்னான் என்று கஸ்பார் யோசித்துப் பார்த்தார். மகள் ஜெனோவாவுக்கு என்றால் அவள் பயப்படுகிறவளாகத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மூன்றாவது பாட்டில் தண்ணீரை மருந்து மாதிரி முகம் சுளித்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள். ஐந்தாம் மாசத்து ஸ்கேன். டோக்கன் பதினெட்டு, இப்போது ஒன்பதோ பத்தோ உள்ளே போயிருக்கிறது. அவள் அம்மா இருந்திருந்தால் அவள்தான் கூட வந்திருப்பாள், கஸ்பார் வீட்டில் இருந்து, டிவியைப் போட்டும் அணைத்தும் போட்டும் அணைத்தும் பைத்தியம் பிடித்து உட்கார்ந்திருப்பார். இங்கே வந்தது ஒருவகையில் நல்லது. இங்கே டிவியின் ரிமோட் வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் இருக்கிறது. அவள் சமையல் நிகழ்ச்சி வைத்திருக்கிறாள். யாரோ ஒரு அம்மாள் கத்தரிக்காயை நான்காகப் பிளந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பெண் மட்டும் செய்திச் சேனலுக்கு மாற்றாமல் இருக்க வேண்டும், சிவப்புப் பட்டையில் ஒரு வரி ஓடினால் போதும், கஸ்பார் அதைக் கடைசிவரை படிக்காமல் விட மாட்டார்.

பத்து நாற்பத்தொன்று. துணைக்கு ஒரு போர்க்கப்பல் வருகிறதாம், எந்த நாட்டுக் கப்பல் என்று ரோவின் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம். எந்த நாட்டுக் கப்பலாக இருந்தால் என்ன, கடல் ஒன்றுதான், பூமி உருண்டையாக இருப்பது எல்லா நாட்டுக்கும் பொது. அதுதான் வம்பு. ரேடார் அலை நேர்கோட்டில் போகும், கடல் வளைந்து கீழே இறங்கிவிடும். உயரத்தில் வருகிற விமானத்தை நூறு மைலுக்கு அப்பால் பார்த்துவிடலாம், ஆனால் தண்ணீருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற ஏவுகணை அடிவானத்துக்கு இந்தப் பக்கம் தலை நீட்டுகிறவரை யார் கண்ணுக்கும் தெரியாது. கப்பலின் கம்பத்து உச்சியில் ரேடாரை ஏற்றி வைத்தாலும் இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர், அவ்வளவுதான். அங்கிருந்து அது வந்து சேர ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷமும் முழுசாகக் கைக்கு வருமா என்றால் வராது, ஏனென்றால் எதிரொலி நேராகவும் வரும், தண்ணீரில் பட்டுத் தெறித்தும் வரும், இரண்டும் சேர்ந்து சில நேரம் ஒன்றை ஒன்று தின்றுவிடும். திரையில் ஒரு சுற்றில் தெரிகிறது அடுத்த சுற்றில் தெரியாது. பார்த்தேனா, பார்க்கவில்லையா? அந்தச் சந்தேகத்திலேயே பத்து விநாடி போய்விடும். இதற்கு மேல் அலைகள். ஒவ்வொரு அலையும் 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்' என்று ஒரு எதிரொலி அனுப்பும். காற்று வீசுகிற நாளில் திரையின் நடுவே ரவையைக் கொட்டின மாதிரி இருக்கும், அந்த ரவையில் ஒரு ரவை மட்டும் நம்மைக் கொல்ல வருகிறது, அது எது? இதெல்லாம் கஸ்பாருக்குத் தெரியும். பதினைந்து வருஷம் இந்திய நேவியில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர். தூத்துக்குடியில் அவர் தெருவில் கஸ்பார் என்று கேட்டால் நான்கு வீட்டைக் காட்டுவார்கள், ரேடார் கஸ்பார் என்றால் நேராகக் கொண்டுவந்து விடுவார்கள். தெரிந்து என்ன பிரயோசனம், தெரியாதவர்கள் பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இல்லை, இல்லை, தன் காலம் வேறு, முப்பது வருஷம் ஆகிவிட்டது, இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், அது அலையையும் ஏவுகணையையும் வேகத்தை வைத்தே பிரித்துவிடும் என்று படித்திருக்கிறார். எங்கே படித்தார்? போனில். போனில்தான் எலுமிச்சம்பழம் சாப்பிட்டால் சர்க்கரை வியாதி போய்விடும் என்றும் படித்தார்.

"அப்பா, ஏன் காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? நாற்காலி பூரா ஆடுது" என்றாள் ஜெனோவா. காலை நிறுத்தினார். "வயித்துல தண்ணி முட்டுது, இதுல நீங்க வேற." அவள் சிரித்தாள். அவளால் சிரிக்க முடிகிறது, ஏனென்றால் அப்பா சொல்லிவிட்டார். அப்பா சொல்லிவிட்டார் என்பது இரண்டு மாசமாக அந்த வீட்டில் ஒரு மந்திரம் மாதிரி. அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரக் கூடாது என்று அவர் டிவிப் பக்கம் திரும்பினார், அந்த அம்மாள் கத்தரிக்காயை எண்ணெயில் போட்டாள், எண்ணெய் சத்தமில்லாமல் கொதித்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. ஆட்டுக்கறி, சோறு, ரசம். ரோவின் கப்பலில் போய்ச் சேர வேண்டிய கடிதம் வந்திருந்தது, அதோடு தனியாக ஒரு தாள். இந்தக் கப்பல் ஆபத்தான பகுதி வழியாகப் போகலாம், போகச் சம்மதமா, சம்மதம் இல்லையா, கையெழுத்துப் போடவும். சம்மதம் இல்லை என்று எழுதினால் வேலை போகாது, வேறு கப்பல் கிடைக்கும்வரை வீட்டில் இருக்கலாம். அவன் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, "மாமா, நீங்க ரேடார்ல இருந்தவரு, நீங்களே சொல்லுங்க. துணைக்கு நேவிக் கப்பல் வந்தா தடுத்துருவாங்களா?" என்று கேட்டான். கஸ்பாரின் மச்சினனும் அவன் பெண்சாதியும் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஆள் நாலு பேர் கூடிவிட்டால் கஸ்பாருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும், அது அவருடைய சுபாவம், என்ன செய்ய. "தடுக்குறதா? மாப்ள, நான் கதை சொல்லுதேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார். தொண்ணூற்றி நாலு, மேற்குக் கடல், போர்ப் பயிற்சி, ஒரு விமானம் ஏவுகணை மாதிரி தண்ணீரை உரசிக்கொண்டு வருகிறது, திரை பூராவும் அலை, கஸ்பார் மட்டும் அந்த ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டார், கத்தினார், கப்பல் தப்பித்தது, அட்மிரலே வந்து தோளில் தட்டினார். மச்சினன் இந்தக் கதையை இருபது தடவை கேட்டிருப்பான், இருபத்தொன்றாவது தடவையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். ரோவின் தாளைத் தன் பக்கம் இழுத்தான். சட்டைப் பையில் தடவினான், பேனா இல்லை. பேனாவை எடுத்துக் கொடுத்தது கஸ்பார்தான்.

பதினொன்று இருபது. இல்லை, அது கடிகாரக் கணக்கு, பதினொன்று பதிமூன்று. ஏழு நிமிஷத்தைக் கழிப்பதற்குள் நெஞ்சு ஒரு குதி குதித்துவிடுகிறது. டோக்கன் பன்னிரண்டு. 'இங்கே கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லப்படுவதில்லை' என்று பலகை தொங்குகிறது. கஸ்பார் அதை ஆறாவது தடவை படித்தார். அந்தப் போர்க்கப்பலின் ரேடார் அறையில் இப்போது ஒருவன் உட்கார்ந்திருப்பான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். அந்த அறை எப்போதும் இருட்டாக, குளிராக இருக்கும், வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அவன் கண் எரியும். மூத்திரம் முட்டும், கேட்கக் கூச்சமாக இருக்கும். நல்லவனாக இருப்பான், வேலை தெரிந்தவனாகத்தான் இருப்பான். காலையில் இரண்டு தடவை கத்தியிருப்பான், இரண்டும் கடல் பறவையாக இருந்திருக்கும், பக்கத்தில் இருந்தவன் சிரித்திருப்பான், மூன்றாவது தடவை கத்துவதற்கு முன்னால் ஒரு விநாடி யோசிப்பான். யோசிக்காதே தம்பி, கத்திவிடு, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வெயிலும் சூடான காற்றும் சேர்ந்தால் அந்தக் கடலில் ரேடார் வேறு கூத்தெல்லாம் காட்டும், நூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருக்கிற மலையைப் பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி கொண்டுவந்து நிறுத்தும், பத்து மைலில் இருப்பதை மறைத்துவிடும். அதெல்லாம்கூடப் போகட்டும். கஸ்பாருக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது, அதை வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். பனிமய மாதாவே, இன்றைக்கு அந்தக் கப்பலுக்குப் பெரிய அதிகாரி எவனும் வந்து தொலைக்காமல் இருக்க வேண்டும். அவன் அந்த ரேடார் அறைக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். மாதாவுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. உலகத்தில் புயல் அடங்க வேண்டுகிறவன் உண்டு, நோய் தீர வேண்டுகிறவன் உண்டு, இன்ஸ்பெக்ஷன் வராமல் இருக்கச் சொல்லி உயிர்ப்பிச்சை கேட்கிறவன் தன்னைத் தவிர யார் இருப்பார்கள்.

அந்தப் பயிற்சி அன்றைக்கு அட்மிரல் வந்திருந்தார். அது நிஜம். தோளில் தட்டியதும் நிஜம். நடுவில் இருப்பதுதான் வேறு. பெரிய அதிகாரி ரேடார் அறைக்கு வருகிறார் என்றால் திரையைச் சுத்தம் செய்து வைப்பது வழக்கம், யாரும் எழுதி வைக்காத வழக்கம், சமையல்காரன் தட்டைத் துடைத்து வைக்கிற மாதிரி. அலையின் எதிரொலியைக் குறைக்க ஒரு திருகு உண்டு. கொஞ்சம் திருகினால் ரவை குறையும், இன்னும் திருகினால் திரை பளிங்கு மாதிரி ஆகிவிடும், கறுப்பில் பச்சையாக நாலு கப்பல் மட்டும் அழகாக நிற்கும், அதிகாரிகளுக்கு அது பிடிக்கும். அலையோடு சேர்ந்து அலைக்குள் இருப்பதும் போய்விடும் என்பது அந்தத் திருகைத் தொட்ட எல்லாருக்கும் தெரியும். கேப்டன் கண்ணைக் காட்டினார், கஸ்பார் திருகினார். எவ்வளவு திருகினார்? இன்னும் விரலில் இருக்கிறது அந்த அளவு. அட்மிரல் பின்னால் வந்து நின்றார், ஷேவிங் லோஷன் வாசனை அடித்தது, தோளில் தட்டி, "படம் ரொம்பத் தெளிவா இருக்கு" என்று இந்தியில் சொன்னார். அந்த நேரத்தில் திரையில் வெளுப்பாக ஒரு துணுக்கு வந்தது, ஒரே ஒரு சுற்று. கஸ்பார் பார்த்தார். பார்த்தது சத்தியம். அலை என்று நினைத்தாரா? அலை என்று நினைத்ததாக முப்பது வருஷமாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். அட்மிரல் தெளிவாக இருக்கிறது என்று சொன்ன படத்தில் அழுக்கு இருக்கிறது என்று எப்படிக் கத்துவது? அதுதான் உண்மை, அதைவிட வேறு ஒன்றும் இல்லை. அடுத்து அது தெரிந்தபோது, வந்து மோத இருபத்தாறு விநாடிதான் பாக்கி இருந்தது. பயிற்சியை மேற்பார்வை பார்க்க வந்த நடுவர் மூலையில் இருந்து எழுந்து, நோட்டில் எழுதிவிட்டு, "கப்பல் போச்சு, நீங்க எல்லாரும் செத்தாச்சு" என்றார். தலைக்கு மேலே விமானம் கடகடவென்று போனது. அப்புறம் செத்துப்போன முன்னூறு பேரும் கீழே போய்ப் பூரியும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டார்கள். கஸ்பாரும் ஆறு பூரி சாப்பிட்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, அறிக்கையில் கடல் கொந்தளிப்பு என்று எழுதினார்கள். அந்த வருஷம்தான் கல்யாணம். புதுப் பெண்டாட்டி, "அங்க நீங்க என்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டாள், அவள் கேட்ட விதத்தில் அவ்வளவு ஆசை இருந்தது, அவரால் செத்துப்போனேன் என்று சொல்ல முடியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார், மற்ற தடவையெல்லாம் அது தானாக வந்தது.

"டோக்கன் பதினெட்டு, ஜெனோவா ரோவின்." பன்னிரண்டு பத்து. அவள் உள்ளே போனாள், கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். கஸ்பார் என்ன, என்னம்மா என்று எழுந்தார். "ஒண்ணுமில்லப்பா. பிள்ளை குப்புறப் படுத்துக்கிட்டு முகத்தைக் காட்ட மாட்டேங்குதாம். இனிப்பா எதையாவது குடிச்சுட்டு அரை மணி நேரம் நடந்துட்டு வரச் சொல்லுதாங்க." அப்பனும் மகளும் அந்த நீள வராந்தாவில் நடந்தார்கள். அவள் ஒரு கையில் மாம்பழ ஜூஸ் டப்பா, மறு கை இடுப்பில். ஜன்னலுக்கு வெளியே மதிய வெயிலில் ரோடு பொரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு முப்பத்தைந்து. இன்னும் இருபத்தைந்து நிமிஷம். இப்போது நடுவில் இருப்பார்கள், ரொம்பக் குறுகலான இடம் அது, ரோவின் மேல்தளத்தில்கூட இருக்க மாட்டான், அவன் ஃபிட்டர், கீழே என்ஜின் அறையில் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருப்பான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, சத்தம்கூடக் கேட்காது. "அப்பா, ஏன் மூச்சு வாங்குது ஒங்களுக்கு? ஒக்காருங்க." அவர் உட்காரவில்லை. "எல்லாம் சரியாப் போகும்பா, நீங்கதான சொன்னீங்க, அன்னைக்கு அந்தப் பழைய ரேடார்லயே நீங்க புடிச்சீங்கன்னா இப்பம் உள்ளதுல..." என்று அவள், அவருக்கு, அவருடைய பொய்யையே எடுத்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். அதைத் தாங்க முடியவில்லை. "நான் புடிக்கலம்மா" என்றார். "என்னது?" "அன்னைக்கு. நான் புடிக்கல. கண்ணால பாத்தேன், வாயத் தொறக்கல. பயிற்சிங்கதால பொழச்சோம். நெஜமா இருந்தா அத்தன பேரும் போயிருப்போம். நான் சொன்னது பூராப் பொய்யி." சொல்லிவிட்டு, அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் ஜூஸ் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். வராந்தாக் கடைசிவரை நடந்து, திரும்பி வந்தாள், பிள்ளையைத் திருப்ப வேண்டுமே, நிற்க முடியாது. இரண்டாம் தடவை திரும்பி வந்தபோதுதான் பேசினாள். "அந்த ஞாயித்துக்கிழமை காலையில கோயில்ல இருந்து வரும்போது அவுங்க என்ட்ட சொன்னாங்க. இந்தத் தடவ வேண்டாம்னு எழுதிருதேன், பிள்ளை பெறக்குற வரைக்கும் வீட்டுல இருக்கேன்னு. மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்சப்பம் மனசு மாறிட்டாங்க. எத நம்பி மாறினாங்கன்னு எனக்கு இப்பந்தான் தெரியுது." குரல் உயரவே இல்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டார். செய்ய ஏதாவது இருந்தால் செய்துவிடலாம், ஓட வேண்டும் என்றால் ஓடலாம், காலில் விழ வேண்டும் என்றால் மகள் காலிலும் விழலாம், கடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம். "இத ஏன்பா இன்னைக்குச் சொன்னீங்க?" என்றாள்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவள் கையிலிருந்த போன் அடித்தது. அவள் எடுத்து "ஹலோ" என்பதற்குள்ளேயே ரோவினின் குரல் வராந்தா பூராவும் கேட்டது, "தாண்டியாச்சு ஜெனோ, தாண்டியாச்சு!" ஜெனோவா சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். கஸ்பார் அங்கே கிடந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். சந்தோஷம்தான், வேறு என்ன, சந்தோஷத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே புத்தி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வளைகுடாவுக்கு வாசல் ஒன்றுதான். உள்ளே போனவன் எண்ணெய் ஏற்றிக்கொண்டு அதே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். போகும்போது காலிக் கப்பல், வரும்போது வயிறு நிறைய எண்ணெய். "மாமா இருக்காங்களா? மாமாகிட்ட குடு" என்றான் ரோவின். ஜெனோவா போனை நீட்டவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "மாமா, நீங்க சொன்ன மாதிரியே ஒரு தொந்தரவும் இல்ல மாமா. ஆனா பத்து நாள்ல திரும்ப இதே வழிதான் வரணும். இங்க எவனும் ரெண்டு நாளா தூங்கல. கடலூர்க்காரர் ஒருத்தர் இருக்காரு, பாம்பன் பையன் ஒருத்தன் இருக்கான், எல்லாம் என்னச் சுத்தித்தான் நிக்காங்க. ஒங்க கதைய நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. நீங்களே ஒங்க வாயால ஒருக்கா சொல்லுங்க மாமா, அந்த ஏவுகணையப் புடிச்சீங்கள்ல, அது." போனில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ "வணக்கம் ஐயா" என்றார்கள், சின்னப் பையன் குரல். கஸ்பார் மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனின் மைக்கைக் கட்டை விரலால் மூடினாள். "சொல்லுங்கப்பா" என்றாள். "ஜெனோ, நான் எப்படிம்மா..." "அவுங்க எறங்கி நடந்தா வர முடியும்? சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க." விரலை எடுத்தாள்.

கஸ்பார் தொண்டையைச் செருமினார். "தொண்ணூத்தி நாலு, மாப்ள. மேற்குக் கடல். நல்ல காத்து" என்று ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் குரல் நிமிர்ந்தது, கைகூட ஆடியது, டோக்கனுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரை பூராவும் அலையாகக் கிடந்ததையும், அதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகாமல் நம்மை நோக்கியே வந்ததையும், தான் யாரையும் கேட்காமல் கத்தினதையும் சொன்னார். பூரியைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள். உள்ளே இருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, பிள்ளை திரும்பியிருக்கும், வாங்க என்று ஜாடை காட்டினாள். ஜெனோவா ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள், போனை அவர் முகத்துக்கு நேரேயே பிடித்திருந்தாள். கதை முடிந்ததும் அந்தப் பாம்பன் பையன்தான் கேட்டான். "ஐயா, நீங்க பாத்தப்புறம் எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"நெறைய நேரம் இருந்துச்சு தம்பி" என்றார் கஸ்பார்.